சேகோ ஆலைக் கழிவும் நன்னீரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

நமது கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்தில் மரவள்ளி ஒரு முக்கியப் பணப்பயிர். என் தந்தையாரும் அதைப் பயிரிட்டே என்னைக் கல்லூரிக்கு அனுப்பியுள்ளார். எனவே, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் வேண்டாம் என்பது என் வாதமன்று. அவற்றின் கழிவு நீரில் என்ன இருக்கிறது, அது நன்னீரை என்ன செய்கிறது என்பதை மட்டும் ஆராய்வோம்.

ஆலையில் கிழங்கைத் தோலுரித்து அரைத்து, மாவைத் தொட்டியில் படியவிட்டு, மேல் நிற்கும் நீரை வெளியேற்றுவர். அதில் மாவுச்சத்தும், கிழங்கிலிருந்து தோன்றும் சயனைடும் உண்டு. தேங்கினால் புளித்து அமிலத்தன்மை அடையும். ஓடையில் கலந்தால், மாவுச்சத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் கரையும் பிராணவாயு சுமார் 7.5 மில்லிகிராம். ஒரு லிட்டர் கழிவைச் சிதைக்க 3,000 மில்லிகிராம் தேவையெனில், 400 லிட்டர் நீரின் பிராணவாயு முழுவதும் தீர்ந்துவிடும்! ஆற்றில் விடும் கழிவில் இத்தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று விதி இருப்பது இதனால்தான்.

பரிகாரமும் உண்டு. காற்றுப் புகாத கலன்களில் இக்கழிவை நொதிக்கச் செய்தால் மீத்தேன் எரிவாயு கிடைக்கும். சேலம் மாவட்ட ஆலைகள் சிலவற்றில் இம்முறை கையாளப்படுகிறது. எஞ்சும் நீரைக் காற்றூட்டிச் சுத்திகரிக்கலாம். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியைத் தூய்மையாக வைத்திருப்பது, அந்நீரால் விளையும் நிலங்களை நம்பிப் படிக்க வந்த நம் கடமையாகும். கிழங்கும் விளையட்டும், ஆறும் வாழட்டும்!