கேட்கத் தெரிந்துகொண்டோம்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஒன்பது கணினிகள் இருக்கின்றன. அவற்றுள் ஐந்து, நாங்கள் அரிச்சுவடி படித்த நாளில் வந்தவை. 2025 அக்டோபர் 14 ஆம் நாளுடன், விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றலாமென்றால், அது கேட்கும் தகுதிகள் எங்கள் ஒன்பதில் ஒன்றுக்கும் இல்லை. புதிதாக வாங்குவதென்றால் சில இலட்சம் ரூபாய் வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டணத்துக்கே தவணை கேட்கும் பெற்றோரிடம் இதையும் எப்படிக் கேட்பது என்று சிஸ்டர் அவர்கள் வருந்தினார்கள். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்பதுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லிப் போனார். அந்த விலையைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை.

எங்கள் கணித ஆசிரியை நாள்தோறும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருபவர்கள். அவர்கள் தெருவில் எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் குடியிருக்கிறார்கள். நாங்கள் அவர்களை அக்கா என்றே அழைக்கிறோம். அரசாங்கம் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியைப் பெற்றவர்கள் அவர்கள். அதில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் ஆக்கிய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். அக்கா திறந்து பார்த்தார்கள். அதிலிருந்து வெளியே வரவேயில்லை. இன்று சிதம்பரத்தில் தம்மைப்போன்ற நான்கைந்து பேருடன் ஞாயிறு மாலைகளில் கூடி, ஒருவர் கணினியை ஒருவர் பார்த்து, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். எங்கள் செய்தியைக் கேட்டதும், "கடைக்குப் போடவேண்டாம், லினக்ஸ் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லியனுப்பினார்கள்.

லினக்ஸ் என்பது யாது? கணினியின் உறுப்புகளையும் நாம் ஓட்டும் மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்கும் தலையாய மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸும் அத்தகையதே. ஆயினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. லினக்ஸ் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அந்த எழுத்து, அதாவது மூலநிரல், எவரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. படிக்கலாம், மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம்.

இதை எங்கள் வகுப்பில் விளக்கியபோது ஒரு தோழி, "கோல நோட்டு மாதிரியா?" என்று கேட்டாள். சரியான கேள்விதான். மார்கழி மாதத்தில் எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் புள்ளி எண்ணி நோட்டில் வரைந்துகொள்கிறோம். மறுநாள் நம் வாசலில் இரண்டு வரிசை கூட்டிப் போடுகிறோம். எதிர்வீட்டு அக்காவுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. நாம் கூட்டியது நன்றாயிருந்தால் அவரும் எடுத்துக்கொள்கிறார். ஆனால் புள்ளிக்கணக்கை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டினால், பார்த்து மகிழலாமேயொழிய, தவறிய இழையை நம்மால் திருத்த இயலாது.

இவ்வெண்ணம் பிறந்ததற்கு ஒரு பிரிண்டர் காரணம் என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் பணியாற்றினார். அவர்கள் கூடத்துப் பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருப்போரின் கணினிக்கு உடனே செய்தி போகுமாறு அதன் நிரலை அவர் திருத்தியிருந்தார். 1980 ஐ ஒட்டிப் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் உடன் வரவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் சென்று கேட்டும், யாருக்கும் தருவதில்லையென வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். இந்நிகழ்ச்சி ஸ்டால்மன் மனத்தில் ஆழப் பதிந்தது. 1983 செப்டம்பரில் 'குனூ' என்ற பெயரில், எவரும் பகிர்ந்துகொள்ளத்தக்க முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். 1989 இல் அதற்கான உரிமத்தையும் எழுதினார். மாற்றியோர் அதைப் பிறருக்குக் கொடுத்தால், தம் மாற்றத்தையும் அதேபோல் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம்.

குனூவுக்கு உறுப்புகளெல்லாம் அமைந்தன. நடுவேயிருந்து இயக்கும் கருநிரல் மட்டும் நிறைவுறவில்லை. 1991 ஆகஸ்டு 25 ஆம் நாள், பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அதில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பிறர் கூறலாம் என்றும் மின்வழியே அறிவித்தார். அச்செய்தியே ஒரு கேள்விதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். செப்டம்பரில் அவர் வெளியிட்டபோது அது ஏறத்தாழ 10,000 வரிகள். 1992 இல் அதனை ஸ்டால்மனின் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இன்று அது கோடிக்கணக்கான வரிகள். உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் அம்மாமார் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இதே கருநிரல்தான்.

காசு கொடுத்து வாங்காத பொருள் கெட்டால் யாரைக் கேட்பது? இதற்கு விடையாகத் தோன்றியவையே லினக்ஸ் பயனர் குழுக்கள். சென்னைக் குழு 1998 இல் தொடங்கியது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையன்று, நெடுங்காலம் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடிவந்தது. காஞ்சிபுரத்திலும் நம் அண்டை ஊரான விழுப்புரத்திலும் குழுக்கள் உண்டு. இவற்றில் கட்டணமில்லை. நேற்றுக் கேட்டவர் இன்று விடை சொல்கிறார். 2012 சனவரியில் தொடங்கிய 'கணியம்' என்ற தமிழ் மின்னிதழும் இத்தகையோர் முயற்சியே. 'எளிய தமிழில்' என்று தொடங்கும் பெயருடன் அவர்கள் வெளியிட்ட நூல்களை எவரும் இலவசமாகப் பெறலாம்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். அக்கா ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி ஆசிரியையிடம் கொடுத்தனுப்பினார்கள். இதில் ஒரு வசதி, வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே கணினியை ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பிடுங்கிவிட்டால் போதும். நாலு கணினிகளில் நன்றாகவே ஓடியது. பழைய ஐந்தில்தான் தொல்லை. "இணையம் வரவில்லை, என்ன செய்வது?" என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்தோம். தாள் மாலை ரயிலில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை எல்லாம் கடந்து சிதம்பரம் போய், மறுநாள் காலை திரும்பி வந்தது. விடை இல்லை. எங்கள் ஒரு வரிக்குக் கீழே அக்கா கையெழுத்தில் ஏழு கேள்விகள் இருந்தன. எந்தக் கணினி? எப்போது முதல்? எந்தப் பக்கமும் திறக்கவில்லையா, சில திறக்கின்றனவா? திரையில் என்ன எழுத்து வந்தது, எழுத்துக்கு எழுத்து? கணினியைத் தட்டிய நொடியிலிருந்து என்னென்ன வருகிறது? நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்? அதனால் என்ன மாறியது?

உண்மையைச் சொன்னால் எங்களுக்குக் கோபம் வந்தது. உதவி கேட்டால் தேர்வு வைக்கிறார்களே என்று முணுமுணுத்தோம். சிஸ்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் அவர் என்ன மருந்து எழுதுவார்?" என்று கேட்டார்கள். (எரிக் ரேமண்டு என்ற அமெரிக்கர் அறிவுடன் கேள்வி கேட்கும் முறை பற்றி 2001 இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். கோபம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை போலும்!)

மறுநாள் இருவர் கணினிமுன் அமர்ந்து பார்த்துச் சொல்ல, ஒருத்தி எழுதினாள். அப்போதுதான் சில பக்கங்கள் திறக்கின்றன, சில திறக்கவில்லை என்பது தெரிந்தது. திறக்காதவற்றில், சான்றிதழ் செல்லத்தக்க நாள் இன்னும் வரவில்லை என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று வந்தது. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னபோதும் அதே போன்ற வரி. அதோடு, அக்கா கேட்டபடி முதல் நொடியிலிருந்து எழுதத் தொடங்கியதில் இன்னொன்று அகப்பட்டது. இந்த ஐந்து கணினிகளும் காலையில் தட்டியதும் ஒரு கறுப்புத் திரையைக் காட்டி, 'எஃப் 1' பொத்தானை அழுத்தச் சொல்லும். ஆறாம் வகுப்பு முதல் அழுத்தி வருகிறோம். அதற்கு மேல் இருந்த இரண்டு வரியை நாங்கள் ஒருநாளும் படித்ததில்லை. நாளும் நேரமும் அமைக்கப்படவில்லை என்று அது சொல்லிக்கொண்டேயிருந்திருக்கிறது.

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினோம். விடை நான்கே வரியில் வந்தது. காரணம் இதுதான். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காத்துக்கொள்வதற்காக மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்துவிட்டால், மாலையில் மெயின் சுவிட்சை அணைத்ததும் கணினி நேரத்தை மறந்துவிடும். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸுக்கும் இன்றைய நாள் தெரியாது. அதன் கடிகாரம் பல மாதம் பின்னால் நின்றது. இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. பின்தங்கிய கடிகாரத்துக்கு, சென்ற மாதம் வழங்கிய சான்றிதழ் வருங்காலத்துப் பொருளாகத் தோன்றுகிறது, ஆதலால் மறுக்கிறது. பழைய சான்றிதழுள்ள பக்கங்கள் மட்டும் திறக்கின்றன. பொதுவாக இணையம் கிடைத்தவுடன் லினக்ஸ் தானே நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். எங்கள் பள்ளி இணைப்பில் அவ்வழி அடைபட்டிருந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் 2032 என்று எண்ணிட்ட பேட்டரிகள் ஐந்து வாங்கினோம். ஒன்றின் விலை ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. மின்இணைப்பை முற்றிலும் பிடுங்கிவிட்டு, பழையதை நகத்தால் நெம்பி எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே வருமாறு பொருத்தி, நாளையும் நேரத்தையும் அமைத்தோம். நான்கு கணினிகளில் எல்லாப் பக்கமும் திறந்தன. ஐந்தாவதற்கு வேறு நோய். அதன் வன்தட்டு போய்விட்டது.

விடை கிடைத்ததும் வேலை முடியவில்லை என்று அக்கா எழுதியிருந்தார்கள். என்ன கேட்டோம், என்ன கண்டோம், எது தீர்த்தது என்பதை முழுதும் எழுதி வைக்கவேண்டும். அடுத்து வருபவர் நம்மைத் தேடாமலே கண்டுகொள்வார் என்றார்கள். அதற்கென ஒரு நீளநோட்டுப் போட்டுக் கணினி அறையில் நூல்கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். முதல் பக்கம் எஃப் 1.

ஆசிரியையுடன் ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்தபோது அக்கா சொன்ன செய்தி ஒன்றையும் இங்குக் கூறியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி நம் தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைக் கரையையும் தாக்கியதைப் பெற்றோர் அறிவர். நாங்கள் அப்போது பிறக்கவில்லை. அதே அலை இலங்கையையும் தாக்கியது. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எங்கே என்ன பொருள் தேவை என்று ஒழுங்குபடுத்த வழியின்றி அங்கே தவித்தபோது, அந்நாட்டுக் கணினித் துறையினர் தொண்டர்களாகக் கூடிச் சில நாட்களிலேயே ஒரு மென்பொருள் எழுதினர். 'சகானா' என்று பெயரிட்டனர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதன் மூலநிரலைத் திறந்தே வைத்தனர். ஆதலால் 2005 இல் பாகிஸ்தானில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது புதிதாக எழுதவேண்டியிருக்கவில்லை. இதையே எடுத்துப் பயன்படுத்தினர். ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2006 க்குரிய சமூகநலத் திட்ட விருதை அதற்கு அளித்தது. அக்கா இதைச் சொல்லி முடித்தபோது, தேவனாம்பட்டினத்துத் தோழி, தன் பாட்டி பெயரை முகாம் முகாமாக நடந்து விசாரித்த தன் மாமாவைப் பற்றிச் சொன்னாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இப்போது எட்டுக் கணினிகளில் லினக்ஸ் நிறுவப்பட்டுள்ளது. ஆறாம் வகுப்புத் தங்கைகள் தமிழில் தட்டச்சுப் பழகுகிறார்கள். இம்மலருக்குரிய இக்கட்டுரையும் அவற்றில் ஒன்றில்தான் தட்டச்சு செய்யப்பட்டது. அச்செடுக்கும்போது மட்டும், 'ஸ்ரீ' வருமிடத்தில் எங்கள் பிரிண்டர் ஒரு வெற்றுக்கட்டத்தைப் போடுகிறது. திரையில் சரியாகத் தெரிகிறது, காகிதத்தில் கட்டம். எந்த எழுத்துரு, எந்த மென்பொருள், பிரிண்டரின் மாதிரி எண் என்ன, வேறு எழுத்துருவில் என்ன ஆகிறது என்பதையெல்லாம் எழுதி முடித்துவிட்டோம். தாள் இன்று மாலை ரயிலில் போகிறது.