விட்ட தவணையிலிருந்து தொடரலாம்

வேலூர், ஆம்பூர் நகர ஓரங்களில் வாழும் இருளர் குடும்பங்களும், ஜவ்வாது மலையிலிருந்து வேலை தேடி வரும் பழங்குடியினரும் அடிக்கடி இடம்பெயர்வதால், குழந்தையின் 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகள் தவறிப்போக நேரிடும். அதை மறுப்பு என்று கருதலாகாது. விட்ட தவணையிலிருந்தே தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அட்டை தொலைந்திருந்தாலும் குழந்தையை அழைத்து வாருங்கள். அரசு சுகாதார நிலையங்களில் இத்தடுப்பூசிகள் இலவசம்.

மருத்துவ உலகம் இருளருக்குக் கடன்பட்டுள்ளது. பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை, 1978-இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கமே பெருமளவில் சேகரித்துத் தருகிறது. ஆகவே எவரையும் கடிந்துகொள்ளாமல், ஊசியின் பயனையும் அதன்பின் வரக்கூடிய இலேசான காய்ச்சலையும் விளக்கி, பெற்றோரின் இசைவு பெற்றே ஊசியிடுதல் எங்கள் கடமை. ஐயம் இருப்பின் தயங்காது கேளுங்கள்.