ஆயாவின் பெயரையும் போடு

பெரம்பலூர்

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ அனுப்பிய மிக்ஸ்டேப்பின் ஏழு பாட்டையும் கேட்டுவிட்டேன். சுண்ணாம்புக்கல் லாரியைப் பற்றிய நாலாவது பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அரியலூர் ரோட்டில் சிமென்ட் ஆலை லாரிக்குப் பின்னால் பைக்கில் போகிறவனின் பல்லில் நறநறக்கும் தூசி அந்தத் தாளத்துக்குள் இருக்கிறது. இரண்டாவது பாட்டில் வரும் துப்பாக்கியும் கேங்கும் நீ பார்த்ததல்ல, எங்கேயோ கேட்டது. அந்த வரிகளை எடுத்துவிடு. பாட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன். நான் எழுத உட்கார்ந்தது, நீ அனுப்பிய அட்டைப் படத்தைப் பார்த்துத்தான். அதில் உன் பெயர் ஒன்றுதான் இருக்கிறது.

ஆறாவது பாட்டின் தொடக்கத்தில் வரும் ஒப்பாரி யாருடையது? தாத்தா இறந்தபோது ஆயா தானே கட்டிப் பாடியது. போன பொங்கலுக்கு நீ கேட்டாய் என்று மறுபடி பாடினாள், நீ போனில் பதிந்துகொண்டாய். அவளுடைய சொல், அவளுடைய மெட்டு, அவளுடைய குரல்.

எண்பதுகளின் கடைசியில் நான் கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். வேண்டிய பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். படத்தின் பெயர் இருக்கும், பாதி நேரம் கதாநாயகன் பெயரும் இருக்கும். பாட்டு எழுதியவர் பெயரைக் குறித்து வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அந்த நாளில் ஒரு கேசட் கம்பெனிக்காரர்கள் நம் ஊர்ப் பெண்களை வேன் வைத்துக் கூட்டிப்போய் நடவுப் பாட்டும் கும்மியும் பதிந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் கூலியும் மதியச் சோறும் கொடுத்தார்கள். கேசட் வந்தபோது அட்டையில் கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது, பாடியவர்களில் ஒருத்தி பெயரும் இல்லை. முன்பாட்டு பாடியவள் உன் ஆயா. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் அந்தக் கேசட்டை இன்னமும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். பேரன் போடும் பாட்டிலும் அவள் பெயரில்லாமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ உனக்கு மனப்பாடம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை ராப் பாடகர் அறிவு அதில் பெயர் சொல்லி ஊரறிய நிறுத்தினார். அந்தப் பாட்டுக்கே பிறகு நடந்ததைப் பார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் முதலானோர் கேள்வி எழுப்பிய பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022-ல் அந்தப் பாட்டு செஸ் ஒலிம்பியாட் மேடையேறிய பிறகு, எழுதியது யார், இசையமைத்தது யார் என்று எல்லோரும் பொதுவில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். உலகமே ஆடிய பாட்டு அது. அதை உருவாக்கியவர்களே மனம் நொந்தார்கள்.

மிக்ஸ்டேப் இலவசம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண் எம்.ஐ.ஏ.வின் முதல் மிக்ஸ்டேப் 2004-ல் அப்படித்தான் வந்தது. டிஜே டிப்லோவோடு சேர்ந்து, அடுத்தவர் பாட்டுத் துணுக்குகளை அனுமதி கேட்காமலே கோத்தார்கள். கைமாறிக் கைமாறிப் பரவியது. 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் மிக்ஸ்டேப்புக்காகவே டிஜே டிராமாவைக் கைது செய்தார்கள். இன்றைக்குப் போலீஸ் வரவேண்டாம், யூட்யூபின் கன்டென்ட் ஐடி சில நிமிஷத்தில் பிடித்துவிடும். வரும் வருமானம் வேறொருவருக்குப் போகும், அல்லது பாட்டே காணாமல் போகும்.

நம் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கைக் கம்பெனிக்கு விட்டுத்தர முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உரிமையை ஒருவருக்குக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் போடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு எவனாவது சென்னையிலிருந்து போன் போட்டு ‘உலகம் முழுக்க, நிரந்தரமாக’ என்று ஒரு தாளை நீட்டினால், எனக்குக் காட்டாமல் கையெழுத்துப் போடாதே.

ஒரு வெள்ளைத் தாளை எடு. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், பீட் போட்டவர், பாடியவர், மிக்ஸிங் செய்தவர், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுது. ஜெயங்கொண்டத்துப் பையன் நாலு பாட்டுக்கு பீட் போட்டிருக்கிறான், நீ அவனுக்குக் கொடுத்தது பிரியாணியும் நன்றியும்தான். அவனையும் உட்கார வைத்துப் பேசிக் கையெழுத்து வாங்கு. இப்போது சிநேகிதமாக இருக்கும்போதே பேசினால் சங்கடம் இல்லை. ஸ்பாட்டிஃபைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தானே ஏற்றுகிறாய்? அந்தப் படிவத்தில் எழுதியவர், இசையமைத்தவர் பெயர் கேட்பார்கள். அங்கே நீ அடிப்பதுதான் எல்லாத் தளத்துக்கும் போகும், பிறகு திருத்த அலைய வேண்டும்.

காரையில் வீடியோ எடுக்கப் போகிறாயாம். நல்ல இடம். கூட வருகிறவர்கள் அங்கே கிடக்கும் அம்மோனைட் புதைபடிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு வராமல் பார்த்துக்கொள். கடல் இருந்த காலத்துச் சாட்சி அது, இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஆறாவது பாட்டை ஆயாவுக்கு முழுசாகப் போட்டுக் காட்டு. தாத்தாவுக்காக அழுத அழுகை டிரம்ஸுக்கு நடுவே வருவது அவளுக்குச் சம்மதமா என்று நீயே கேள். வேண்டாம் என்றால் வாதாடாமல் எடுத்துவிடு. சரி என்றால் அவள் பெயரை எழுதியவர் இடத்திலும் பாடியவர் இடத்திலும் போடு, பங்கும் வை. மூன்றாவது பாட்டின் பீட் யூட்யூபில் ‘இலவசம்’ என்று போட்டிருந்ததாகச் சொன்னாய். காசு வரும் தளத்தில் ஏற்ற அது செல்லுமா என்று அதைப் போட்டவருக்கே எழுதிக் கேள். பதில் வரும்வரை அந்தப் பாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, மற்றதை வெளியிடு.

அன்புடன்,
உன் மாமா