செடிக்குள் ஓடும் கடிகாரம்

மாலையில் தூங்குமூஞ்சி மரமும் புளிய மரமும் இலைகளை மடித்துக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் குறைவதுதான் காரணமா? 1729இல் டி மைரான் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். அங்கும் அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன. இரவு நேரத்தில் மடிந்தன. செடிக்குள் ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை சுற்றிவரும் உயிர்க் கடிகாரம் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன.

இக்கடிகாரம் இலையை அசைப்பதோடு நிற்பதில்லை. செடியின் கொழுப்புப் பொருள்களையும் ஆள்கிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

நம் திண்டுக்கல், நிலக்கோட்டைப் பூச்சந்தைகளுக்கு வரும் மல்லிகை இனங்களுள் ஒன்று பிச்சி. இதன் எண்ணெயிலிருந்து 1962இல் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற மணப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இதன் நெருங்கிய உறவான ஜாஸ்மோனிக் அமிலம் பூக்கும் தாவரங்களில் பரவலாக இருப்பது பின்னர் தெரிந்தது. இது கொழுப்பிலிருந்து பிறப்பது. பசுங்கணிகத்தின் சவ்வுகளிலிருந்து 18 கார்பன் அணுக்கள் கொண்ட லினோலெனிக் அமிலம் பிரிகிறது. நொதிகள் அதைப் படிப்படியாக மாற்றி, 12 கார்பன் அணுக்கள் கொண்ட ஜாஸ்மோனிக் அமிலம் ஆக்குகின்றன.

புழு இலையைக் கடித்தால் இந்த அமிலம் அபாயச் சங்கு போல் வேலை செய்கிறது. உடனே செடி, புழுவுக்கு ஒவ்வாத பொருள்களை உண்டாக்குகிறது. ஆனால் எந்நேரமும் சங்கு ஊதினால் வளர்ச்சி குன்றும். ஆகவே நேரம் அறிந்து ஊத வேண்டும்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக் கழகத்தார் 2012இல் இதைச் சோதித்தனர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடிகளையும், கோசு இலை தின்னும் புழுக்களையும் 12 மணி ஒளி, 12 மணி இருள் என்று பழக்கினர். சில செடிகளுக்கும் புழுக்களுக்கும் பகல் ஒன்றாக இருந்தது. மற்றச் செடிகளின் பகல் புழுக்களுக்கு இரவு. இயற்பியலில் சொன்னால், இரண்டு ஊசல்கள் ஒரே கட்டத்தில் ஆடுவது முதல் வகை. எதிர்க் கட்டத்தில் ஆடுவது இரண்டாவது.

பின்பு புழுக்களைச் செடிகளில் விட்டனர். எதிர்க் கட்டச் செடிகள் பெரிதும் தின்னப்பட்டன. ஒரே கட்டச் செடிகள் தப்பின. புழு பகலில் மிகுதியாகத் தின்னும். செடியில் ஜாஸ்மோனிக் அமிலமும் நடுப்பகலை ஒட்டியே உச்சம் அடைகிறது. இந்த அமிலத்தை ஆக்க இயலாத செடிகளுக்கோ நேரப் பொருத்தத்தால் பயன் கிட்டவில்லை. ஆயுதம் இருந்தால் போதாது. அது உரிய வேளையில் கையில் இருக்க வேண்டும்.

நீங்களும் ஒரு தொட்டாற்சிணுங்கித் தொட்டியை இருட்டறையில் இரண்டு நாள் வைத்து, மூன்று மணிக்கு ஒருமுறை மங்கிய ஒளியில் தொடாமல் பார்த்து, இலைகளின் நிலையைக் குறித்து வாருங்கள். செடியின் கடிகாரம் உங்களுக்கும் புலப்படும்.