நிரல் எழுதும் திரையை நம் கண்ணுக்கேற்ப அமைப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு கணிப்பொறித் துறை மாணவன், திருமழபாடி)



நம் துறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லார் காதிலும் விழும் வாசகம் ஒன்று உண்டு. "செட்டிங்ஸ் பக்கம் மட்டும் போயிடாதப்பா, ஏதாவது ஆயிடும்!" சீனியர் சொல்வார், பக்கத்து சீட்டுக்காரரும் சொல்வார். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. விலை உயர்ந்த சாமான், நம்முடையதும் இல்லை, தொட்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எழுத்து பொடியாக இருந்தால் குனிந்து படிப்போம். நிறம் மங்கலாக இருந்தால் கண்ணைச் சுருக்கிப் பார்ப்போம். திரை எப்படி வந்ததோ அப்படியே மூன்று வருஷத்தையும் ஓட்டிவிடுவோம்.

இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, திரையின் நிறத்தையும் எழுத்தையும் மாற்றுவதால் புரோகிராம் ஒருபோதும் கெடாது. இரண்டு, அந்த மாற்றம் வெறும் அழகுக்காக அல்ல. தவறை சீக்கிரம் கண்டுபிடிக்கவும், கண்ணைக் காத்துக்கொள்ளவும் உதவும் கருவி அது.

1. எழுத்து வேறு, தோற்றம் வேறு

ஒரு சிறிய பரிசோதனை செய்து பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் (மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட இலவச எடிட்டர் இது) ஒரு சி புரோகிராம் எழுதி சேவ் செய்யுங்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பல நிறம் தெரியும். இப்போது அதே ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஒரு நிறமும் இருக்காது. நிறம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, ஃபைலுக்குள் அது இருந்ததே இல்லை! ஃபைலில் இருப்பது எழுத்துகள் மட்டுமே. கம்பைலர் படிப்பதும் அந்த எழுத்துகளைத்தான். நிறம் என்பது எடிட்டர் நம் கண்ணுக்காக மேலே பூசிக் காட்டுவது.

நம் பாலிடெக்னிக் லேபுகளில் பல ஆண்டுகள் ஓடிய டர்போ சி-யின் நீலத் திரையை எல்லாரும் அறிவோம். அதிலும் இதே கதைதான். டாஸ் டெக்ஸ்ட் திரையில் 80 பத்தி, 25 வரி. ஆக 2000 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் நினைவகத்தில் 2 பைட், மொத்தம் 4000 பைட். முதல் பைட் எழுத்து, இரண்டாவது பைட் நிறம். அந்த நிற பைட்டில் கீழ் 4 பிட் எழுத்தின் நிறத்துக்கு. எனவே 16 நிறம். அடுத்த 3 பிட் பின்னணிக்கு. எனவே 8 நிறம். மீதி ஒரு பிட் மினுக்குவதற்கு. நீலப் பின்னணி 1, மஞ்சள் எழுத்து 14 என்றால் மதிப்பு 16 × 1 + 14 = 30. இந்த 30-ஐ வேறு எண்ணாக்கினால் நிறம்தான் மாறும். பக்கத்து பைட்டில் உள்ள எழுத்து மாறாது. டர்போ சி++ 3.0-இல் ஆப்ஷன்ஸ், என்விரான்மென்ட், கலர்ஸ் என்று போனால் இந்த நிறங்களை நாமே மாற்றலாம். அந்த நீலம் மாற்ற முடியாத ஒன்றல்ல.

எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்துப் பார்ப்பது ஏதோ கணிப்பொறி வந்த பிறகு வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். கொள்ளிடக் கரையில் உள்ள எங்கள் ஊர் திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலில் இதற்கு ஆயிரம் ஆண்டுப் பழைய சாட்சி இருக்கிறது. ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் இக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். ராஜேந்திர சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. கல் மாறியது, சுவர் மாறியது; சாசனம் மாறவில்லை. தீம் மாற்றுவதும் சுவர் மாற்றுவது போலத்தான். சாசனம் நம் புரோகிராம்.

2. நிறம் எப்படி வருகிறது?

எடிட்டருக்கு சி தெரியாது, பைத்தானும் தெரியாது. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இலக்கணக் கோப்பு அதனிடம் இருக்கும். எது கட்டளைச் சொல், எது எண், மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, குறிப்பு எது என்ற விதிகள் அதில் எழுதியிருக்கும். எடிட்டர் அந்த விதிப்படி நம் வரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் ஒட்டும். அந்தப் பெயருக்கு இன்ன நிறம் என்று சொல்வது தீம். இலக்கணம் பிரிக்கிறது, தீம் பூசுகிறது. இரண்டும் தனித்தனி என்பதால்தான் ஒரே தீம் எல்லா மொழிக்கும் பொருந்துகிறது.

தமிழிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். முத்து அண்ணாமலை அவர்கள் உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் கட்டளைகள் எல்லாம் தமிழில் இருக்கும். திரையில் காட்ட 'பதிப்பி', விடையைத் திருப்பித் தர 'பின்கொடு', முடிக்க 'முடி'. இந்தச் சொற்களைப் பட்டியலிட்டு ஓர் இலக்கணக் கோப்பு எழுதினால் 'பதிப்பி' என்று அடித்தவுடன் அது நிறம் ஏறும். அவசரத்தில் 'பதிபி' என்று அடித்தால் ஏறாது. ஓர் ஒற்று விடுபட்டதை, ரன் செய்வதற்கு முன்பே, நிறம் சொல்லிவிட்டது!

3. நிறம் காட்டிக்கொடுக்கும் தவறுகள்

விஷுவல் ஸ்டுடியோ கோடின் 'டார்க் பிளஸ்' தீமில் குறிப்புகள் பச்சை, மேற்கோளுக்குள் இருப்பவை ஆரஞ்சு, எண்கள் வெளிர் பச்சை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழ்க்கண்டவற்றை ஒரே பார்வையில் பிடிக்கலாம்.

(அ) பிரிண்ட்எஃப்-இல் மூடும் மேற்கோள் விட்டுப்போனால், அதற்குப் பின் வரும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் சேர்ந்து ஆரஞ்சாகிவிடும். 'ஏன் அரைப்புள்ளி ஆரஞ்சா இருக்கு?' என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

(ஆ) சி-யில் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டுத் தொடங்கிய குறிப்பை மூட மறந்தால், கீழே உள்ள புரோகிராம் முழுக்கப் பச்சையாகும்.

(இ) ஃபார், வைல், ரிட்டர்ன் போன்ற சொற்களில் எழுத்து இடம் மாறினால், அந்தச் சொல் நிறம் ஏறாமல் சாதாரணமாக நிற்கும்.

(ஈ) நெஸ்டட் லூப்பில் எந்தத் திறப்புக்கு எந்த மூடல் என்று விரலை வைத்து எண்ணுவோம் அல்லவா? 2021 முதல் ஜோடி அடைப்புக்குறிகளுக்கு ஜோடி நிறம் கொடுக்கும் வசதி விஷுவல் ஸ்டுடியோ கோடிலேயே உள்ளது.

(உ) பைத்தானில் இடைவெளியே இலக்கணம். டேப்பும் ஸ்பேஸும் கலந்தால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ரன் செய்தால் எரர் வரும். 'ரெண்டர் வைட்ஸ்பேஸ்' என்ற அமைப்பை 'ஆல்' என்று வைத்தால் ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும்.

ஆனால் ஒன்று. நிறத்துக்கும் எல்லை உண்டு. வரிக் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் நிறம் சொல்லாது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தாலும் சொல்லாது. நிறம் எழுத்தைத்தான் பார்க்கும். கணக்கைப் பார்ப்பது நம் வேலை.

4. எழுத்துரு, அளவு, வரி நீளம்

புரோகிராம் எழுத ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலம் பிடிக்கும் எழுத்துருவே நல்லது. அப்போதுதான் மேல் வரியும் கீழ் வரியும் நேர் நேராக நிற்கும். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும், ஒன்றுக்கும் சின்ன எல் எழுத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பது. கூரியர் நியூவில் பூஜ்யம் வெறும் முட்டையாக இருக்கும். கன்சோலாஸில் நடுவே ஒரு கோடு போட்டிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே கன்சோலாஸை வைத்துக்கொள்ளலாம்.

வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்வார்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். அந்த அட்டை போய்விட்டது. 80 மட்டும் டெர்மினலுக்கும் டர்போ சி-க்கும் வந்து சேர்ந்தது. இன்று அது கட்டாயமில்லை. ஆனாலும் பக்கவாட்டில் ஸ்க்ரோல் செய்யாமல் படிக்க முடிவது நல்லதுதான். எழுத்தைப் பெரிதாக வைக்கும்போது 'ஆல்ட் + இசட்' அழுத்தினால் நீள வரி மடங்கித் தெரியும்.

தமிழில் குறிப்பு எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 'ர' குறுகலானது, 'ணை' அகலமானது. 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. எனவே தமிழ் எழுத்துகள் ஆங்கிலக் கட்டத்துக்குள் அடங்காது; வரி நேராக நிற்காது. அதற்காகத் தமிழில் எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. குறிப்பைக் கட்டளைக்குப் பக்கத்தில் எழுதாமல் மேலே தனி வரியில் எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டினால் மேல் வரி 'கு'வின் கால் கீழ் வரி 'கி'யின் கொம்பில் இடிக்காது.

5. கறுப்பா, வெளுப்பா?

ஹாஸ்டலில் இதற்கே ஒரு பட்டிமன்றம் வைக்கலாம். உண்மை என்னவென்றால், இடத்தைப் பொறுத்தது. பகலில் ஜன்னல் திறந்த, ட்யூப்லைட் எரியும் லேபில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே தெளிவாகத் தெரியும். வெளிச்சமான திரையைப் பார்க்கும்போது கண்மணி சுருங்கி உருவம் கூர்மையாக விழுவதே காரணம். இரவில் மங்கிய விளக்கில் படிப்பவர்களுக்கு இருண்ட பின்னணி கூச்சத்தைக் குறைக்கும். செமினாரில் புரொஜெக்டர் போடும்போது வெள்ளைத் தீமும் பெரிய எழுத்தும்தான் கடைசி பெஞ்சுக்குத் தெரியும். 'டார்க் தீம் போட்டா சார்ஜ் நிக்கும்' என்பது ஓஎல்இடி திரை உள்ள போனுக்குச் சரி. சாதாரண எல்சிடி லேப்டாப்பில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பலன் பெரிதாக இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய வேறுபாடு இருக்க வேண்டும். ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் கீறியவுடன் எழுத்து இருக்கும், ஆனால் சட்டென்று தெரியாது. மஞ்சளோ விளக்குக் கரியோ தடவினால்தான் எழுத்து எடுப்பாக வரும். இன்று இணையதளங்களுக்கான தர விதி இதையே எண்ணில் சொல்கிறது: சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும். கறுப்பில் சாம்பல் நிறக் குறிப்பு ஸ்டைலாக இருக்கலாம். படிக்க முடியாவிட்டால் அந்தக் குறிப்பு எதற்கு?

ஈத்தன் ஸ்கூனோவர் என்பவர் 2011-இல் வெளியிட்ட 'சோலரைஸ்டு' என்ற தீமில் மொத்தம் 16 நிறங்கள். அவற்றில் 8 பின்னணிக்கும் சாதாரண எழுத்துக்கும், 8 எடுத்துக்காட்டும் நிறங்கள். வெளிச்சத் தீமிலும் இருண்ட தீமிலும் அதே 8 எடுத்துக்காட்டும் நிறங்கள் வரும்படி அவர் அளந்து அமைத்தார். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாற்றினாலும் கண்ணுக்குப் பழக்கம் கெடாது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத நண்பர்களும் நம்மில் இருக்கலாம். எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்களிடையே இது அதிகம். அவர்களில் பலர் வெளியே சொல்வதில்லை. அவர்களுக்கு நீலம், மஞ்சள் கொண்ட தீம் உதவும். குறிப்புகளைச் சாய்வெழுத்திலும் கட்டளைகளைத் தடித்த எழுத்திலும் காட்டும்படி வைத்தால் நிறம் இல்லாமலே வித்தியாசம் தெரியும்.

6. செய்முறை

1. 'கண்ட்ரோல் + கே', பிறகு 'கண்ட்ரோல் + டி' அழுத்தவும். தீம் பட்டியல் வரும்.
2. மேல், கீழ் அம்பு விசையால் நகர்த்தவும். திரை உடனே மாறிக் காட்டும். பிடித்தால் 'என்டர்', பிடிக்காவிட்டால் 'எஸ்கேப்'. பழைய தீமே திரும்பிவிடும்.
3. 'கண்ட்ரோல் + கமா' அழுத்தினால் செட்டிங்ஸ் வரும். அங்கே எழுத்தளவு, வரி உயரம், எழுத்துரு மூன்றையும் மாற்றலாம். எதை மாற்றினாலும் பக்கத்திலுள்ள பல்சக்கரக் குறியில் 'ரீசெட் செட்டிங்' இருக்கிறது. பயம் வேண்டாம்.
4. லேப் கம்ப்யூட்டர் பலருக்கும் பொது. எனவே செட்டிங்ஸில் 'யூசர்' என்ற பகுதியைத் தொடாமல் 'வொர்க்ஸ்பேஸ்' என்ற பகுதியில் மாற்றவும். அந்த மாற்றம் நாம் திறந்திருக்கும் ஃபோல்டருக்குள் மட்டுமே பதிவாகும். அடுத்த பேட்ச் மாணவருக்குத் தொல்லை இல்லை. ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப் போனால் எந்த மெஷினிலும் நம் திரை நம்மோடு வரும்.
5. அதுவும் அனுமதி இல்லையென்றால் 'கண்ட்ரோல்' விசையோடு கூட்டல் குறியை அழுத்துங்கள். எழுத்து பெரிதாகும். கழித்தல் குறி பழையபடி ஆக்கும்.
6. வீட்டில் பழைய மெஷின்தான் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். அதில் செட்டிங்ஸ், ஸ்டைல் கான்ஃபிகரேட்டர். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த, பாஸ் லினக்ஸ் உள்ள மெஷின் அண்ணனிடமோ அக்காவிடமோ இருந்தால், ஜி-எடிட்டில் பிரிபரன்சஸ் போனால் எழுத்துருவும் நிறமும் மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கை: பிராக்டிகல் பரீட்சையில் எந்த மெஷின், எந்தத் திரை வாய்க்கும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது மாற்றாத திரையிலும் எழுதிப் பழகுங்கள். தீம் தேடுவதிலேயே ஒரு சாயந்திரத்தைத் தொலைத்துவிடவும் வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் அதிலேயே இருந்தால்தான் 'இந்த நிறம் இதைக் குறிக்கும்' என்று கண்ணுக்குப் பழகும்.

முடிவாக

வயலில் இறங்குகிறவர் மண்வெட்டிக் காம்பைத் தன் உயரத்துக்குப் பார்த்துத்தான் போட்டுக்கொள்வார். தையல்காரர் நாற்காலியைத் தன் காலுக்கு ஏற்பத்தான் வைத்துக்கொள்வார். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்பதில்லை. வேலை செய்கிற கைக்குக் கருவி பொருந்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வீடுகளிலிருந்து வந்த நாம் மட்டும் ஏன் பொருந்தாத திரைமுன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டும்? அடுத்த லேப் ஹவரில் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் முதலாமாண்டுத் தம்பியோ தங்கையோ குனிந்து படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் அந்த இரண்டு விசையைச் சொல்லிக் கொடுங்கள்.