இளமைத் துன்பமும் சிறுவர்தம் சிந்தனைத் திறனும்

கண்மாய் நிறைந்திருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. வேண்டும்போது மடையைத் திறக்கவும் வேண்டாதபோது அடைக்கவும் ஆள் வேண்டும் என்பது செட்டிநாட்டு உழவர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. சிறுவரின் அறிவும் அத்தகையதே. அறிவு நிறைந்திருந்தும், அதனை உரிய வழியில் செலுத்தவும், எழும் சினத்தை அடக்கவும், ஆசிரியர் சொன்னவற்றை மனத்தில் இருத்திக்கொண்டே கணக்கைப் போடவும் தனியே ஓர் ஆற்றல் தேவை. இவ்வாற்றல் பெரிதும் நெற்றிக்குப் பின்னே அமைந்த மூளைப் பகுதியைச் சார்ந்தது. மூளையின் பகுதிகளுள் கடைசியாக முதிர்வனவற்றுள் இது ஒன்று. இருபது வயதைக் கடந்த பின்னரும் இதன் வளர்ச்சி நடைபெறுகின்றது.

சில ஆண்டுகட்கு முன், காரைக்குடிக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் பள்ளிக் கட்டடத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கூரைப் பழுதைப் பற்றிப் பேச வந்த ஊரார், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றியே பேசினர். பின்னாலிருந்து தோளைத் தொட்ட வேறொரு சிறுவனை அவன் கடுமையாக அடித்துவிட்டானாம். "ஐயா, அந்தப் பயலை நீக்கினால்தான் மற்றப் பிள்ளைகள் உருப்படும்" என்றார் ஒரு பெரியவர். நாமும் தலையசைத்தோம் என்பதை மறைப்பானேன்? அப்போது, சத்துணவுக் கூடத்தில் பணிபுரியும் அம்மையார் மெல்லச் சொன்னார்: "அவன் ராத்திரி தூங்குறதே இல்லீங்க ஐயா. அப்பன் குடிச்சிட்டு வந்து ஆத்தாளை அடிப்பான்னு கதவோரமே உட்கார்ந்திருப்பான்."

இரவெல்லாம் காவல் காப்பவனுக்குப் பகலில் கணக்கு எவ்வாறு ஏறும்? வீட்டில் அடியும் அச்சமும் ஓயாதிருந்தால், ஆபத்தை உணர்த்தும் மூளைப் பகுதி எந்நேரமும் விழிப்புடனேயே இருக்கப் பழகிவிடுகின்றது. கார்ட்டிசால் முதலிய நீர்கள் இரத்தத்தில் மிகுகின்றன. அந்நிலையில் நின்று நிதானித்து எண்ணும் பகுதிக்கு வேலை குறைகின்றது. தோளைத் தொட்ட கை நண்பனுடையதா, தந்தையுடையதா என்று பார்க்குமுன் அவன் கை எழுந்துவிடுகின்றது. கதவோரத்தில் அவனைக் காத்த அதே பழக்கம்தான் வகுப்பறையில் அவனைக் குற்றவாளியாக்கிற்று.

கடல் கடந்த நம் உறவினரிடையே இது தெளிவாகக் காணப்பட்டது. இலங்கையில் போர் நடந்த பகுதிகளில் 420 பள்ளிச் சிறுவர்களிடம் செய்யப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் குண்டுவீச்சு, நெருங்கியோர் மரணம் போன்ற கொடுமைகளைக் கண்டவராயிருந்தனர். நாலில் ஒரு பங்கினர்க்கு அதனால் மனநோய்க் குறிகள் இருந்தன. கொடுந்துன்பம் உற்றோரிடம் நினைவாற்றல் தேர்வும் பள்ளி மதிப்பெண்ணும் குறைந்திருந்தன. சுனாமிக்குப் பின் அந்நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வோ, போரையும் கடலையும் மட்டுமன்றித் தந்தையின் குடியையும் வீட்டு வன்முறையையும் சிறுவர் மனத்தைக் கெடுப்பனவாகக் கண்டது. போர் இல்லாத நம்மூரிலும் இந்தப் பின்னிரண்டும் உண்டல்லவா?

அடி இல்லாவிடினும் கவனிப்பாரின்மை தீங்கு செய்யும். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட்டில், அனாதை விடுதிகளில் கிடந்த 136 குழந்தைகளுள் ஒரு பாதியினரைக் குடும்பங்களில் வளர்க்கச் செய்து பல்லாண்டு கவனித்தனர். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர் பலவற்றில் தேறினர். எனினும் கவனக்குறை பலரிடம் நீங்கவில்லை. நாற்றங்காலில் வாடிய பயிர் என்று உழவர் சொல்வது இதுவே. துன்புற்றோர் எல்லாரும் இவ்வாறு ஆவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்போடு நிலையாக நிற்கும் பெரியவர் ஒருவர், அவர் பாட்டியாயினும் ஆசிரியராயினும், பெரிதும் காப்பாகின்றார்.

இத்தகைய சிறுவனை மேலும் அடிப்பது, அவன் அஞ்சியதே உண்மை என்று மெய்ப்பிப்பதாகும். பள்ளியில் உடற்தண்டனையை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கின்றது. எட்டாம் வகுப்பு முடியுமுன் பள்ளியை விட்டு நீக்கவும் அச்சட்டத்தில் இடமில்லை. ஆகவே அப்பெரியவர் கேட்டதும் நாம் தலையசைத்ததும் சட்டத்துக்கும் மாறானவை. ஊராட்சித் தலைவரைத் தலைமையாகக் கொண்டு கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைப்பதற்கு விதி இருக்கின்றது. பல ஊர்களில் அது பதிவேட்டில் கையெழுத்தளவில் நிற்பது நாம் நேரில் கண்டது. அக்குழுவில் அங்கன்வாடிப் பணியாளரும் சத்துணவுப் பணியாளரும் வாய் திறந்து பேச இடம் கொடுங்கள். வீட்டுச் செய்தி அவர்களுக்கே முதலில் தெரியும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன. மனநல மருத்துவத்துக்கு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம்.

அச்சிறுவனைக் கடைசி வரிசையில் சுவரோரம் அமர்த்தினார் தலைமையாசிரியர். பின்னால் யாரும் வரமுடியாத இடம் அது. காலையில் அரைமணி தூங்கவும் விட்டார். தாயும் பிள்ளையும் சில மாதம் பாட்டி வீட்டில் தங்கினர். அடுத்த முறை நாம் சென்றபோது, வாய்பாட்டில் ஏழாம் வாய்பாடு வரை தடையின்றி ஒப்பித்தான், எட்டாவதில் தடுமாறினான். கூரைக்கு ஓடு மாற்றும் பணி அதற்குள் முடிந்திருந்தது.