சூரைச்செடியின் கீழே

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

"உடம்பெல்லாம் வலி, நெஞ்சு அடைக்குது, ஸ்கேன்ல ஒண்ணுமில்லைங்கிறாங்க" என்று ஜெபக்கூட்டத்தில் சில சகோதரிகள் அழுவதைக் கேட்டிருக்கிறேன். "விசுவாசம் பத்தலை" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படியல்ல. பயமும் துக்கமும் நீடித்தால் தசை இறுகும், தூக்கம் கெடும், வயிறு கலங்கும். ஸ்கேனில் தெரியாவிட்டாலும் வலி நிஜம்.

எலியாவைப் பாருங்கள். யேசபேலுக்குப் பயந்தோடி, சாவு கேட்டுப் படுத்தவனை தேவன் கடிந்துகொள்ளவில்லை.

1. சரீரத்துக்கு: தூக்கம், அடை, தண்ணீர். அதுவும் இருமுறை.
2. மனதுக்கு: ஓரேபில் அவன் மனக்குறையை இரண்டு தரம் கேட்டார்.
3. தனிமைக்கு: ஏழாயிரம் பேர் மீதியிருப்பதைச் சொல்லி, எலிசாவைத் துணையாகத் தந்தார்.

1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமும் சரீரம், மனம், சமூக வாழ்வு மூன்றும் நலமாயிருப்பதையே ஆரோக்கியம் என்கிறது.

ஆகவே நெஞ்சுவலி என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். மனநல டாக்டரைப் பார்ப்பது அவிசுவாசமல்ல. இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குக் கஞ்சியோடு போங்கள். புத்தி சொல்லாமல், உட்கார்ந்து கேளுங்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள். ஆமென்.